பிறந்த வீடு வைகைத் தண்ணீர், புகுந்த வீடு காவிரித் தண்ணீர்: கல்வி அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

கொடைக்கானலுக்கு மேலே இருக்கும் எங்கள் மேல்மலைப் பள்ளிகளைக் கவனிக்கும் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

எங்கள் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளை ஊர் ஓடையோரமாக நடத்திக் கூட்டிப் போய், பிறகு பேருந்தில் பழநி அடிவாரத்துக்கு இறக்கி, அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இடங்களைக் காட்டிக் கொண்டுவர அனுமதி கேட்டிருந்தோம். பள்ளி மேலாண்மைக் குழு ஒருமனதாகப் போட்ட தீர்மானம் அது. உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த பதில் மூன்றே வரி. நீர்நிலைகளின் பக்கம் மாணவர்களை அழைத்துச் செல்லக் கூடாது. ஆறுகள் பற்றிய பாடத்துக்குக் காணொளி இருக்கிறது, அதை ஸ்மார்ட் வகுப்பறையில் போட்டுக் காட்டினால் போதும். நகல் தலைமை ஆசிரியருக்கு.

நான் அந்தக் குழுவின் தலைவி. ஆறாம் வகுப்பில் படிக்கும் ஒருவனுக்கு அம்மா. பூண்டும் கேரட்டும் போடும் கொஞ்சம் நிலம் எங்களுக்கு உண்டு. மூன்று வரியோடு இது முடிந்துவிட்டது என்று இருக்க எனக்கு மனசு வரவில்லை, அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். பள்ளியின் பெயரையும் ஊரின் பெயரையும் விட்டுவிட்டேன், ஆசிரியர்களுக்குச் சங்கடம் வரக் கூடாது. எந்தப் பள்ளி என்று உங்களுக்குத் தெரியும்.

சொன்னபடி காணொளி போட்டார்கள். மழை நாளில் மேல்மலையில் கரண்ட் எப்படி, சிக்னல் எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆய்வுக்கு வந்த அன்று நீங்களே செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தீர்கள். அது போகட்டும், எப்படியோ ஓடி முடிந்தது. நைல், சிந்து, கங்கை. அகலமான ஆறு, இரண்டு பக்கமும் தட்டையான வயல், நடுவே படகு. ஆற்றங்கரையில் சமவெளி இருந்தது, வண்டல் மண் இருந்தது, மக்கள் குடியேறினார்கள், நகரம் எழுந்தது. அதில் தவறு எதுவும் இல்லை. அன்று சாயங்காலம் அடுப்படிக்கு வந்து என் மகன் கேட்டான்: "அப்போ நம்ம ஏம்மா இங்க இருக்கோம்? இங்க சமவெளியும் இல்ல, ஆறும் இல்லையே."

பாடம் நடத்தி முடித்த பிறகு ஒரு பிள்ளைக்கு இந்தக் கேள்வி வருகிறது என்றால், பாடம் பாதியில் நிற்கிறது. மீதிப் பாதி பள்ளிக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத்தான் பார்க்கக் கூடாது என்கிறீர்கள்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பெரியகுளத்தில் பிறந்தவள். அந்த ஊரையே வராக நதிதான் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது, ஒரு பக்கம் தென்கரை, மறு பக்கம் வடகரை. சொந்தக்காரர் வீட்டுக்கு வழி கேட்டால்கூட எந்தக் கரை என்பதுதான் முதலில் வரும். பாலசுப்பிரமணியர் கோயில் பக்கம் ஆற்றின் இரு கரையிலும் ஆண் மருதம், பெண் மருதம் என்று இரண்டு மரங்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவே குளித்தால் காசிக்குப் போன புண்ணியம் என்பார் என் அப்பாயி. ஊரைச் சுற்றி மாந்தோப்பு, மேலே சோத்துப்பாறை அணை, அதற்கும் மேலே மலை உச்சியில் பேரிஜம் ஏரி. பெரியகுளத்துக்காரர்கள் குடிக்கும் தண்ணீரில் பேரிஜத்துக்குப் பங்குண்டு. பள்ளியில் இதை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அந்த மலை எங்களுக்கு வடக்கே நீலமாகத் தெரியும் ஒன்று, அவ்வளவுதான்.

கல்யாணமாகி அந்த மலைக்கே வந்தேன். இங்கே பார்த்தால் ஓடை வடக்கே போகிறது. பழநிப் பக்கம் இறங்கி, சண்முகநதியில் சேர்ந்து, அமராவதியைப் பிடித்து, கரூருக்குக் கிழக்கே திருமுக்கூடலூரில் காவிரியில் கலக்கிறது. பிறந்த வீடு வைகைத் தண்ணீர், புகுந்த வீடு காவிரித் தண்ணீர், நடுவில் ஒரே ஒரு மலை முகடு. ஓட்டு வீட்டின் மோட்டுவளையில் விழும் மழை இரண்டு தாழ்வாரத்துக்கும் பிரிகிற மாதிரிதான் இதுவும். ஒரே மேகம் கொட்டுகிறது. தெற்கே விழுந்த தண்ணீர் பாம்பாறாகக் கும்பக்கரையில் குதிக்கிறது, மஞ்சளாறாகத் தலையாற்று அருவியில் இறங்குகிறது, வைகையைச் சேர்ந்து மதுரையைத் தாண்டி ராமநாதபுரத்துக் கண்மாய் வரை போகிறது. வடக்கே விழுந்தது கரூர், திருச்சி, கல்லணை, தஞ்சாவூர் என்று போய்ப் பூம்புகாரில் கடலைப் பார்க்கிறது.

இப்போது ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். தமிழகத்தின் பழைய நகரங்கள் என்று மூன்று ஊர்களைச் சொல்கிறார்கள்: பூம்புகார், மதுரை, காஞ்சி. மூன்றில் இரண்டு ஊர்களின் ஆற்றுக்கு எங்கள் மலை தண்ணீர் அனுப்புகிறது. முழுத் தண்ணீரும் எங்களுடையது என்று பெருமை பேச வரவில்லை. வைகை பிறப்பது வருசநாட்டு மலையில், 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீரும் அதில் வந்து சேர்கிறது. காவிரிக்கோ அமராவதியே ஒரு துணையாறுதான். எங்கள் ஓடை அந்தத் துணைக்கும் துணை. ஆனாலும் பங்கு பங்குதான். புத்தகத்தில் வரும் பூம்புகாரும் தன் வீட்டுக்குப் பின்னால் கேரட் கழுவும் ஓடையும் ஒரே தண்ணீர்த் தடத்தில் இருக்கின்றன என்று தெரிந்த பிள்ளை அந்தப் பாடத்தைப் படிக்கும் விதமே வேறு. புத்தகத்தின் மேல் எனக்குக் குறையே இல்லை. அந்தத் தடத்தை நடந்து பார்க்க விடாததுதான் குறை.

சரி, என் மகன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நாம் ஏன் இங்கே இருக்கிறோம்?

மலையில் ஊர்கள் ஆற்றோரமாக அமைவதில்லை. ஊற்றுக்குக் கீழே, சதுப்புக்கு மேலே, சரிவில் உட்கார்ந்திருக்கும். நல்ல மண்ணும் ஈரமும் பள்ளத்தில். அதைப் பயிருக்கு விட்டுவிட்டு வீடுகளை மேட்டில் நெருக்கி நெருக்கிக் கட்டியிருப்பார்கள். எங்கள் மேல்மலையில் பூம்பாறை என்ற ஊரைச் சாலையிலிருந்து பார்க்கிற சுற்றுலாக்காரர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அடுக்கு வயல்கள் ஒவ்வொன்றும் பாய்ந்து ஓடப் பார்க்கும் தண்ணீரை நிறுத்தி நிதானமாக இறக்குவதற்காக வெட்டியவை. மேல் வயல்காரர் மடை திறந்தால்தான் கீழ் வயலுக்குத் தண்ணீர். யாருக்கு எந்தக் கிழமை முறை என்பது எழுதி வைக்காமலே எல்லாருக்கும் தெரியும். கோடையில் அந்த முறை தவறினால் என்ன பேச்சு வரும் என்பதும் தெரியும். இப்போது ஊற்றிலிருந்து ஆளாளுக்குக் கறுப்பு ஓஸ் இழுத்து வந்திருக்கிறோம். பாதையெல்லாம் ஓஸ். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்கு வரும் வழக்கில் பாதி அந்த ஓஸ் வழக்குதான். ஆறு மனிதர்களைச் சேர்த்து வைத்தது என்று காணொளி சொன்னது. சண்டையும் மூட்டிவிடும், அந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் ஊர் என்ற ஏற்பாடே வந்தது என்று என் மாமனார் சொல்வார். இதையெல்லாம் வகுப்பில் ஒரு பெரியவரை உட்கார வைத்துக் கேட்டால், குடியிருப்பும் ஆறும் என்ற பாடம் ஒரு மணி நேரத்தில் நடந்து முடியும்.

ஓடை ஏன் இளைத்தது என்பதும் அதே பாடம்தான். சோலைக்காடும் புல்வெளியும் மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். சுதந்திரத்துக்குப் பிறகு எங்கள் புல்வெளிகளில் பெரும்பகுதியில் தோல் பதனிடுவதற்கென்று சீகை மரமும், கூழுக்கென்று தைல மரமும், பைனும் நட்டார்கள். புல் போனது. சித்திரை வரை சத்தத்தோடு ஓடிய ஓடை என்று ஊர்ப் பெரியவர்கள் காட்டும் இடத்தில் இப்போது மாசி பிறந்தாலே சத்தம் அடங்கிவிடுகிறது. டவுனில் எல்லாரும் படகு விடும் ஏரிகூட ஓர் ஓடையை மறித்துக் கட்டியதுதான். 1863இல் வேர் ஹென்றி லெவிஞ்ச் என்ற வெள்ளைக்கார அதிகாரி கட்டியது. அந்த ஏரியின் மிச்சத் தண்ணீர்தான் மலைச் சாலையில் வெள்ளி அருவியாக விழுகிறது என்பது எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்தது பொருந்தல். எங்கள் பயணத் திட்டத்தில் நீங்கள் அடித்துவிட்ட இடங்களில் எனக்கு மிகவும் வலித்தது இதுதான். பழநிக்குத் தென்மேற்கே 12 கிலோமீட்டர் தூரத்தில், மலை முடிந்து தரை தொடங்கும் இடத்தில், பொருந்தலாற்றங்கரையில் இருக்கும் ஊர் அது. புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் 2009, 2010 ஆண்டுகளில் அங்கே அகழாய்வு செய்தார்கள். ஒரு ஈமக்குழியில் நான்கு கால் வைத்த ஒரு ஜாடி நிறைய நெல் கிடைத்தது, கிட்டத்தட்ட இரண்டு கிலோ. கரிமக் காலக்கணிப்பில் அது கி.மு. 490 என்று வந்தது. தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த மட்கலத் தாங்கி கிடைத்தது. கண்ணாடி மணிகள் குவியலாகக் கிடைத்தன, அங்கேயே மணி செய்த தடயமும் இருந்தது.

நெல் விளைய நிறையத் தண்ணீர் வேண்டும். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்திருக்கும்? பொருந்தலாறு இந்த மலையிலிருந்துதான் இறங்குகிறது. மலையிலிருந்து இறங்கும் ஆறு வேகம் குறைந்து மண்ணை விடும் இடம் அது. சேர நாட்டையும் பாண்டிய நாட்டையும் இணைத்த வழியும் அந்தப் பக்கமாகத்தான் போயிற்று. தண்ணீர், மண், வழி மூன்றும் கூடிய இடத்தில் ஊர் முளைத்தது. சிந்துவெளிக்குச் சொல்லும் அத்தனை விளக்கமும் இங்கே பொருந்தும், பேருந்துச் செலவு மட்டும் குறைவு. அதே ஆற்றுத் தண்ணீர் இன்றைக்கும் பாலாறு-பொருந்தலாறு அணையில் தேங்கி வயல்களுக்குப் போகிறது. பழநிக்கு நடந்து வரும் பக்தர்கள் மலையேறுவதற்கு முன்னால் முழுக்குப் போடும் சண்முகநதியிலும் இதே தண்ணீர்தான். இன்னும் கீழே அமராவதிக் கரையில் கரூர். அந்த ஆற்று மணலில் ரோமக் காசுகள் கிடைத்திருக்கின்றன. எங்கள் ஓடைத் தண்ணீர் போகிற வழியில் கடல் கடந்து வந்த வியாபாரி நின்றிருக்கிறான் என்று சொன்னபோது என் மகன் நம்பவில்லை. நேரில் காட்டினால் நம்புவான். அதற்குத்தான் ஒரு பேருந்து கேட்டோம்.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. தண்ணீரில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் தலைமை ஆசிரியர், அடுத்து நீங்கள். வடகிழக்குப் பருவமழையில் எங்கள் ஓடை என்ன செய்யும் என்று நாங்களும் பார்த்திருக்கிறோம். 2018இல் கஜா புயல் வந்தபோது மரங்கள் சாய்ந்து சாலைகள் அறுந்து கிடந்தன. அதனால்தான் மாசியில் போகிறோம் என்று தெளிவாக எழுதியிருந்தோம். கூட வரும் பெற்றோர்களின் பெயர் கொடுத்திருந்தோம். வனத்துறையிடம் கேட்டுக்கொண்டுதான் நடப்போம், அணையிலும் ஆற்றிலும் யாரும் கால் நனைக்க மாட்டோம் என்றும் எழுதியிருந்தோம். இவற்றில் எது போதவில்லை என்று உங்கள் மூன்று வரியில் இல்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். எங்கள் பிள்ளைகளில் சிலர் தினமும் அந்த ஓடையைத் தாண்டித்தான் பள்ளிக்கே வருகிறார்கள், ஒரு தைல மரத்துண்டின் மேல் நடந்து. சின்னதாக ஒரு பாலம் வேண்டும் என்று மனு கொடுத்து வருஷமாகிறது. அந்த நீர்நிலையைத் தாண்டி மாணவர்கள் பள்ளிக்கு வரக் கூடாது என்று எந்த அலுவலகமும் கடிதம் அனுப்பவில்லை. தண்ணீரைப் பற்றிப் படிக்கப் போகும்போதுதான் அது ஆபத்தாகிறது.

உண்மையில் ஓடையைத் தெரிந்த பிள்ளைதான் பிழைக்கும். கும்பக்கரையில் வெள்ளம் என்று வனத்துறை தடை போடுவதைப் பத்திரிகையில் படிக்கிறோம். அருவிக்கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே மலையில் மழை கொட்டியிருக்கும், வெளியூர்க்காரர்களுக்கு அது தெரியாது. எங்கள் ஊரில் ஆடு மேய்க்கும் பாட்டிக்குத் தெரியும். தண்ணீர் லேசாகக் கலங்கும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், சத்தம் கனக்கும். அப்போதே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். இதை எந்தக் காணொளியும் சொல்லவில்லை. ஆசிரியர் பக்கத்தில் இருக்க, தண்ணீர் குறைந்த மாதத்தில், கரையில் நின்று கற்றுக்கொள்ள வேண்டியது இது.

கொடைக்கானல் டவுனில் நிறையக் கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகள் முதுகுப் பையோடு இந்தக் காடுகளில் நடப்பதைப் பார்க்கிறோம். அவர்கள் நடக்கட்டும், நல்லதுதான். இந்த மலையிலேயே பிறந்த பிள்ளைகளுக்கு மட்டும் தெர்மாகோலில் நீல பெயின்ட் அடித்த ஆறு போதும் என்றால் எப்படி?

இது பிள்ளைகளின் விஷயம் மட்டும் இல்லை, பெரியவர்கள் நாங்கள் ஓடையை நடத்துகிற விதமும் இதில் இருக்கிறது. எங்கள் ஊரில் கேரட்டை ஓடையில்தான் கழுவுகிறோம். மருந்தடித்த டப்பாவையும் அங்கேயே அலசுகிறோம். மழை அடித்துக்கொண்டு போய்விடும் என்பார்கள். எங்கே போகும் என்று கேட்டால் "கீழே" என்பதுதான் பதில். கீழே என்றால் பழநி, தாராபுரம், கரூர். மலையின் மறு சரிவில் இதைவிடப் பெரிய பாடம் நடந்தது. கொடைக்கானலில் பாம்பாற்றுச் சோலைக்கு மேலே ஒரு வெப்பமானித் தொழிற்சாலை இருந்தது. அதிலிருந்து வெளியேறிய பாதரசத்தால் ஏற்பட்ட பிரச்சினையில் 2001இல் மூடினார்கள். அந்தச் சரிவில் விழும் மழை பாம்பாற்றுக்குப் போகிறது, பாம்பாறு கும்பக்கரைக்கு, அங்கிருந்து என் பிறந்த ஊர்ப் பக்கம். எந்தச் சரிவில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது என்று நாளைக்கு முடிவு செய்யப் போகிறவர்கள் இந்தப் பிள்ளைகள்தான். முகடு எது, தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று அவர்கள் வரைந்து காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை. முதலில், நீர்நிலைப் பக்கமே போகக் கூடாது என்ற பொதுத் தடையை எடுத்துவிட்டு, எந்த மாதம், எத்தனை பிள்ளைக்கு எத்தனை பெரியவர், என்னென்ன பாதுகாப்பு என்று நிபந்தனைகளை எழுத்தில் கொடுங்கள். எவ்வளவு கடுமையாக இருந்தாலும் நிறைவேற்றுகிறோம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு வருஷத்தில் ஒரு நாள், ஓடையிலிருந்து அடிவாரம் வரை, பொருந்தலும் அணையும் சேர்த்து, கல்விச் சுற்றுலாவாக அனுமதியுங்கள். பேருந்து வாடகையில் பாதியை நிதியிலிருந்து தாருங்கள், மீதியை நாங்கள் பூண்டு விற்ற காசில் போட்டுக்கொள்கிறோம்.

மேல்மலைப் பள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மழைமானி கொடுங்கள். பெரிய விலை இல்லை. தினமும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நேற்றைய மழையைப் பிள்ளைகள் வாசிக்கட்டும், நோட்டில் எழுதட்டும். அடிவாரத்தில் ஏதாவது ஒரு அரசுப் பள்ளியை எங்களோடு சேர்த்துவிடுங்கள். மேலே எவ்வளவு பெய்தது என்று நாங்கள் சொல்கிறோம், ஆற்றில் எவ்வளவு வந்தது என்று அவர்கள் சொல்லட்டும். அப்புறம், சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு நீங்கள் நடத்தும் பயிற்சியில் ஒரு நாளை இந்த மலையின் ஓடைகளுக்கும் முகட்டுக்கும் ஒதுக்குங்கள். பலர் வெளியூரிலிருந்து மாற்றலாகி வருகிறவர்கள், ஓடை எங்கே போகிறது என்று அவர்களுக்கு யார் சொல்வார்கள்?

மரத்துண்டுப் பாலம் உங்கள் துறையின் வேலை இல்லை என்று தெரியும். ஆனாலும் அந்த மனுவின் மேல் உங்கள் பரிந்துரை ஒரு வரி இருந்தால் அது நகரும்.

தை மாதக் கடைசிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். மாசி நடுவில் தண்ணீர் குறைந்திருக்கும்போதுதான் எங்களால் போக முடியும். இந்த முறையும் முடியாது என்றால் காரணத்தையும் எழுதுங்கள், அதைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர்கள் முன்னால் வாசிக்க வேண்டும்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி,
மேல்மலை, பழநி மலைத்தொடர்